கைத்தறி நெசவாளருக்கு அரசு உதவி உண்மையில் எப்படிச் சென்று சேர்கிறது?

தமிழ்நாட்டைப் பொறுத்தவரை, உதவியின் பெரும்பகுதி நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் வழியாகவே வருகிறது என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். சங்க உறுப்பினர் பாவு நூலையும் (நீளவாட்டு இழை) ஊடை நூலையும் (குறுக்கிழை) சங்கத்திலேயே பெற்று, வீட்டுக் குழித்தறியில் நெய்து, சேலையை ஒப்படைத்துக் கூலி வாங்குகிறார். அந்தச் சேலையை வாங்கி விற்பதற்கு நெசவாளர் சங்கங்களின் விற்பனைக் கூட்டுறவு நிறுவனமான, 1935இல் தொடங்கப்பட்ட கோ-ஆப்டெக்ஸ் இருக்கிறது. பண்டிகைக் காலத் தள்ளுபடிக்கு அரசும் உதவுகிறது.

நேரடியாகக் கைக்கு வருபவை சில. கைத்தறிக்கு இரண்டு மாதங்களுக்கு 200 அலகுகளாக இருந்த இலவச மின்சாரம் 2023இல் 300 ஆனது. தறியை இயக்குவது காலும் கையும்தான் என்றாலும், குழியில் காலை விட்டுக் குனிந்து இழை பார்ப்பவருக்கு விளக்கு மிகவும் அவசியம். சிறுதொழிலுக்கான முத்ரா கடனுக்கு வட்டிச் சலுகையும் உண்டு.

சட்டப் பாதுகாப்பு இதைவிட முக்கியமானது, ஆனால் பலவீனமானது. சில துணிகளைக் கைத்தறிக்கு மட்டுமே ஒதுக்கும் 1985ஆம் ஆண்டுச் சட்டப்படி சில வகைச் சேலை, வேட்டி உள்ளிட்ட 11 வகைத் துணிகளை விசைத்தறியில் நெய்யக் கூடாது. எனினும் விசைத்தறிச் சேலை கைத்தறி என்ற பெயரில் கடைகளில் தாராளமாக விற்கப்படுகிறது.

என் பார்வையில் பெரிய இடைவெளி வேறொன்று: சங்கத்தில் சேராமல் தனியார் முதலாளியிடம் கூலிக்கு நெய்பவர்களுக்கும், தார் சுற்றியும் (ஊடை நூலைச் சிறு குழலில் சுற்றுவது) பாவு பிணைத்தும் பாதி வேலையைச் சுமக்கும் வீட்டுப் பெண்களுக்கும், நெசவாளர் அடையாள அட்டை இல்லையென்றால் இவற்றில் பலவும் எட்டுவதில்லை. ஆகவே சலுகைகளைத் தேடுவதற்கு முன், வீட்டில் தறி வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மாவட்டக் கைத்தறித் துறை அலுவலகத்தில் விசாரியுங்கள்.