குடியரசுத் தலைவர் உரையின்போது வேலூர் எம்.பி. என்ன செய்வார்?

உட்கார்ந்து கேட்பார். அவ்வளவுதான்.

பொதுத்தேர்தல் முடிந்து கூடும் முதல் கூட்டத்தொடரிலும், ஒவ்வோர் ஆண்டின் முதல் கூட்டத்தொடரிலும் குடியரசுத் தலைவர் இரு அவைகளின் உறுப்பினர்களுக்கும் சேர்த்து உரையாற்றுவார். அரசியல் சட்டத்தின் 87-வது பிரிவு அப்படிச் சொல்கிறது. முன்பு பழைய நாடாளுமன்றக் கட்டடத்தின் மைய மண்டபத்தில் நடந்தது. 2024 முதல் புதிய கட்டடத்தின் மக்களவை அரங்கில் நடக்கிறது.

உரையை எழுதுவது மத்திய அமைச்சரவை. கல்யாணப் பத்திரிகையில் அழைப்பவர் என்று தாத்தா பேர் இருக்கும். மண்டபம் பார்ப்பதும் செலவைத் தீர்மானிப்பதும் அப்பாதானே? அப்படித்தான் இதுவும். "எனது அரசு" என்று வாசிப்பவர் குடியரசுத் தலைவர், திட்டங்களுக்குப் பொறுப்பு அரசு. அதனால்தான் அங்கே அவரைக் கேள்வி கேட்கும் வழக்கம் இல்லை. (கோஷம், வெளிநடப்பு எல்லாம் நடக்கும், அது வேறு கதை.)

பேச வேண்டிய இடம் அடுத்து வரும் நன்றி தெரிவிக்கும் தீர்மான விவாதம். பெயர்தான் நன்றி, உள்ளே முழுக்க அரசியல். பாலாற்றுத் தண்ணீரோ, ஆம்பூர், வாணியம்பாடி தோல் தொழிலோ உரையில் விடுபட்டால், எம்.பி. அந்தத் தீர்மானத்துக்குத் திருத்தம் கொடுக்கலாம். 2015-ல் மாநிலங்களவையில் எதிர்க்கட்சிகளின் திருத்தம் ஒன்று நிறைவேறியே விட்டது.

2019 ஜூன் உரையின்போது வேலூருக்கு எம்.பி.யே இல்லை. பணப்பட்டுவாடா புகாரில் ரத்தான தேர்தல் ஆகஸ்ட் 5-ல்தான் நடந்தது.

"டிவியில் பார்த்தேன், நம்ம எம்.பி. வாயே திறக்கலை" என்று பலர் குறைப்படுகிறார்கள், உரையன்று எந்த எம்.பி.க்கும் பேச நேரம் ஒதுக்குவதில்லை.