விசிறி வைத்த விமானத்தில் அம்மாவைத் தூத்துக்குடிக்கு அழைத்துச் செல்லலாமா?

திருவொற்றியூரிலிருந்து வயதான தாயாரைத் தூத்துக்குடிக்கு அழைத்துச் செல்லவிருக்கும் நீங்கள், டிக்கெட்டில் ஏடிஆர் 72 என்று இருப்பதைக் கண்டு, விசிறி வைத்த பழைய விமானத்தை இன்னும் ஏன் ஓட்டுகிறார்கள், ஓர் எஞ்சின் நின்றுபோனால் என்னவாகும், குலுக்கல் ஏன் அதிகம் என்று கேட்டிருக்கிறீர்கள். எண்ணூர் அனல்மின் நிலையத்தில் டர்பைன் பிரிவில் வேலை பார்த்தவன், இதே விமானத்தில் சொந்த ஊருக்குப் போய்வருபவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். தயங்காமல் அழைத்துச் செல்லுங்கள்.

ஏடிஆர் 72 முதலில் பறந்தது 1988இல் என்றாலும், அதன் 600 வகை 2011இல்தான் சேவைக்கு வந்தது. வெளியே புரொப்பல்லர், அதாவது நீங்கள் சொல்லும் விசிறி, தெரிந்தாலும், உள்ளே இருப்பது ஜெட் விமானத்தில் உள்ளதைப் போல, எரிபொருள் எரிந்து வரும் சூடான வாயுவால் சுழலும் டர்பைன்தான். எண்ணூரில் எங்கள் நீராவி டர்பைன் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றி ஜெனரேட்டரை நேரடியாகவே ஓட்டியது. இந்த எஞ்சினின் டர்பைனோ அதைவிடப் பல மடங்கு வேகமாகச் சுழல்வதால், இடையில் ஒரு கியர்பாக்ஸ் அந்த வேகத்தைக் குறைத்து, ஆறு பிளேடுகள் கொண்ட புரொப்பல்லரை அதிகபட்சம் 1200 சுற்றில் ஓட்டுகிறது. ஜெட் எஞ்சின் குறைந்த அளவு காற்றை மிகுந்த வேகத்தில் பின்னே தள்ளுகிறது. புரொப்பல்லர் நிறையக் காற்றை மிதமான வேகத்தில் தள்ளுகிறது. மணிக்கு 500 கி.மீ. வரையிலான வேகத்தில் இரண்டாவது முறைக்கே எரிபொருள் குறைவாகச் செலவாகும். சென்னைக்கும் தூத்துக்குடிக்கும் வான்வழித் தொலைவு ஏறத்தாழ 530 கி.மீ.தான். ஜெட் விமானம் உயரே ஏறி முடித்த சிறிது நேரத்திலேயே இறங்கத் தொடங்க வேண்டியிருப்பதால், அதன் வேகத்தால் பெரிதாக நேரம் மிச்சமாவதில்லை. மேலும், தூத்துக்குடி விமான நிலையம் இருக்கும் வாகைக்குளத்தில் ஓடுதளம் விரிவாக்கத்துக்கு முன்பு வெறும் 1350 மீட்டர் நீளமே இருந்தது. ஏடிஆர் போன்ற புரொப்பல்லர் விமானங்கள் இல்லையென்றால் அந்த ஊருக்கு அன்று விமானச் சேவையே இருந்திருக்காது.

எஞ்சின் பற்றிய அச்சம் நியாயமானது. புறப்படும் ஓட்டத்தில் குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டிய பிறகு ஓர் எஞ்சின் செயலிழந்தாலும், மற்றொன்றைக் கொண்டே மேலெழும்பித் திரும்பி வந்து இறங்க முடியும் என்று நிரூபித்த பிறகே இத்தகைய விமானத்துக்குச் சான்று தருகிறார்கள். நின்ற எஞ்சினின் பிளேடுகள் தம் விளிம்பைக் காற்றுக்குக் காட்டித் திரும்பிக்கொள்ளும். இதை ஃபெதர் செய்தல் என்பார்கள். அப்படித் திரும்பாவிட்டால் அகலமான பக்கம் காற்றைத் தடுத்து விமானத்தை ஒரு பக்கமாக இழுக்கும். 2023 ஜனவரியில் நேபாளத்தின் பொக்காராவில் ஓர் ஏடிஆர் 72 விழுந்து 72 பேர் இறந்த விபத்தில், எஞ்சின்கள் ஓடிக்கொண்டிருந்தபோதே இரு புரொப்பல்லர்களும் விமானிகளின் கைத்தவறால் ஃபெதர் நிலைக்குப் போய் உந்துவிசை இல்லாமல் போய்விட்டது என்று விசாரணை அறிக்கை கூறியது. எஞ்சினில் பழுது இல்லை என்பதால் அது சிறிய விஷயம் என்று நான் சொல்ல மாட்டேன். விமானிகளின் பயிற்சி எவ்வளவு முக்கியம் என்பதை அது காட்டுகிறது.

குலுக்கலுக்குக் காரணம் பறக்கும் உயரம் குறைவாக இருப்பதே. இது 25,000 அடிக்கு மேல் பறப்பதில்லை. ஜெட் விமானங்கள் 35,000 அடிக்குப் போய் மேகங்கள் பலவற்றைத் தாண்டிவிடும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஆட்டம் கூடுதலாகவே இருக்கும், அதனால் இருக்கைப் பட்டையை அம்மா கழற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெயில் ஏறுவதற்கு முந்தைய காலை விமானம் பொதுவாக அமைதியாகப் போகும்.

ஒன்றைப் பார்த்து அவர் பயந்துவிடக் கூடாது. நிற்கும் விமானத்தில் வலப்பக்க எஞ்சின் இரைந்துகொண்டிருக்கும், ஆனால் அதன் புரொப்பல்லர் அசையாது. மின்சாரத்துக்கும் ஏசிக்கும் தனிச் சிறு எஞ்சின் இதில் இல்லாததால், புரொப்பல்லரைப் பிரேக் போட்டு நிறுத்திவிட்டு அந்த எஞ்சினையே பயன்படுத்துகிறார்கள்.

பயணிகள் ஏறும் கதவு பின்பக்கம் இருக்கிறது, படிகளும் சிலவே. சாமான் அறை முன்பக்கம். ஆகவே பின்வரிசை இருக்கை எடுத்தால் அம்மா அதிகம் நடக்க வேண்டியதில்லை, புரொப்பல்லர் இரைச்சலும் குறையும். இருக்கைக்கு மேலுள்ள சாமான் தட்டு சிறியது என்பதால் சக்கரப் பெட்டியை ஊழியர்கள் வாங்கிச் சாமான் அறையில் வைத்துவிடக்கூடும். மாத்திரை, கண்ணாடி, சால்வை ஆகியவற்றைத் தனிக் கைப்பையில் வையுங்கள். சக்கர நாற்காலி தேவையென்றால் முன்பதிவின்போதே சொல்லிவிடுங்கள். விமான நிலையத்துக்கு விம்கோ நகரிலிருந்து நீல வழித்தட மெட்ரோவே போகிறது.