ஏழு மாதக் குழந்தைக்கு நான்கு நாளாக மலம் போகவில்லை: குடலில் அடைப்பா?

வாசகி ஒருவரின் கடிதம்: "என் மகளுக்கு 7 மாதம். 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டும்தான். இணை உணவு ஆரம்பித்ததிலிருந்து மூன்று, நான்கு நாளுக்கு ஒருமுறைதான் மலம் போகிறாள். அதுவும் ஆட்டுப் புழுக்கை போல. முகம் சிவக்க முக்கி அழுகிறாள். போன வாரம் மலத்தின் மேல் ரத்தம் கோடாக இருந்தது. கேழ்வரகுப் பால், நேந்திரங்காய்ப் பொடிக் கஞ்சி, சத்துமாவுக் கஞ்சி கொடுக்கிறோம். அத்தை சோப்புத் துண்டு வைத்துப் போக வைக்கிறார். இரும்புச் சத்துச் சொட்டு மருந்தால் இருக்குமோ என்று அதை நிறுத்திவிட்டேன். பிறந்த மறுநாள் காலையிலேயே மலம் போனவள். பிறக்கும்போது 2.8 கிலோ, இப்போது 7.6. நெட்டில் பார்த்தால் குடலில் நரம்பே இல்லாத நோய், ஆபரேஷன் என்றெல்லாம் வருகிறது. தூக்கமே வரவில்லை டாக்டர்."

மருத்துவர் பதில்:

பிறந்த மறுநாள் காலையிலேயே மலம் போனாள் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தில் நான் முதலில் தேடியது அந்த வரியைத்தான். நீங்கள் நெட்டில் படித்தது ஹிர்ஷ்பிரங் நோய். பெருங்குடலின் கடைசிப் பகுதியில் நரம்பணுக்கள் பிறவியிலேயே இல்லாமல் போவது. சுமார் 5,000 குழந்தைகளில் ஒருவருக்கு வருகிறது. பிறவி நோய் என்பதால் பெரும்பாலும் முதல் சில நாட்களிலேயே தன்னைக் காட்டிவிடும். காட்டுப்பீ என்று ஊரில் சொல்வோமே, அந்த முதல் கறுப்பு மலம் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு 24 மணி நேரத்துக்குள் போய்விடும். மீதிப் பேரில் ஏறக்குறைய எல்லோருக்கும் 48 மணி நேரத்துக்குள் போய்விடும். அதையும் தாண்டினால்தான் இந்த நோயை நினைப்போம். உங்கள் மகள் சரியான நேரத்தில் போயிருக்கிறாள். ஆறு மாதம் தாய்ப்பால் குடித்தபோது ஒரு தொந்தரவும் இல்லை. எடையும் நன்றாக ஏறியிருக்கிறது. குழந்தையை நேரில் பார்க்காமல் நூற்றுக்கு நூறு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் எழுதியதில் அந்த நோய்க்கான அடையாளம் ஒன்றுகூட இல்லை. தடுப்பூசிக்குப் போகும்போது டாக்டரிடம் ஒருமுறை வயிற்றைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், போதும். அந்தத் தேடலை இன்றோடு விட்டுவிடுங்கள். ராத்திரி ஒரு மணிக்கு போனில் தேடினால் இருப்பதிலேயே மோசமான நோய்தான் முதலில் வந்து நிற்கும். உங்கள் பெண்ணைத் தொட்டுப் பார்க்க அதற்குக் கை கிடையாது.

குடல் அடைப்புக்குப் பயப்படுகிறீர்கள் அல்லவா? அதற்கான அடையாளத்தைச் சொல்லிவிடுகிறேன். எத்தனை நாளாக மலம் போகவில்லை என்ற கணக்கில் அது இல்லை. பச்சை வாந்தியில்தான் இருக்கிறது.

பால் குடித்துவிட்டுக் கக்குவது, தயிர் போலத் திரிந்து வருவது, கொடுத்த கஞ்சி அப்படியே வருவது இதில் சேராது. அரைத்த மருதாணி போல, கீரை மசியல் போல, பார்த்தவுடன் பச்சை என்று சொல்லக்கூடிய நிறத்தில் வாந்தி வந்தால் அது பித்தநீர். பித்தநீர் இரைப்பைக்குக் கீழேதான் குடலில் வந்து சேர்கிறது. அது மேலேறி வாய் வழியாக வருகிறது என்றால், கீழே எங்கோ வழி அடைபட்டிருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். 'அப்படி இல்லை' என்பதை டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். கூடவே வயிறு பறை போல உப்பியிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

உங்கள் குழந்தையின் வயதில் இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. முழுக்கைச் சட்டையைக் கழற்றும்போது கைப்பகுதி உள்பக்கமாகச் சுருண்டுகொள்ளுமே, அதுபோலக் குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் நுழைந்துகொள்ளும் நிலை ஒன்று உண்டு. 5 மாதம் முதல் 9 மாதம் வரையுள்ள குழந்தைகளிடம்தான் அதிகம் பார்க்கிறோம். நன்றாக விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று வீறிட்டு, இரண்டு காலையும் வயிற்றோடு மடக்கி அழும். சில நிமிடத்தில் ஓய்ந்து, வெளிறிப்போய், துவண்டு தூங்கும். பத்து, இருபது நிமிடம் கழித்து மறுபடி அதே வீறிடல். வாந்தி முதலில் வெள்ளையாக இருந்து அப்புறம் பச்சையாக மாறும். சிவப்பு ஜெல்லி போல மலம் போவது கடைசியில்தான். அதுவரை காத்திருக்கக் கூடாது. ஸ்கேனில் இதைத் தெளிவாகப் பார்த்துவிடலாம். சீக்கிரம் வந்தால், ஆசனவாய் வழியாகக் காற்றையோ உப்பு நீரையோ செலுத்தியே பெரும்பாலும் சரிசெய்துவிடலாம், கத்தி வைக்கத் தேவையில்லை. தாமதித்தால் உள்ளே நுழைந்த குடலுக்கு ரத்த ஓட்டம் நின்று, அந்தப் பகுதியை வெட்டி எடுக்க வேண்டி வரும்.

அதனால் வாந்தி பச்சையாக வந்தாலோ, இப்படி விட்டு விட்டு வீறிட்டு அழுதாலோ, அது ராத்திரி இரண்டு மணியாக இருந்தாலும் விடியட்டும் என்று இருக்காதீர்கள். எதுவும் ஊட்டாதீர்கள். 108-ஐ அழைத்து, குழந்தைகளுக்கான அறுவை சிகிச்சை வசதி உள்ள ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கத்தில் இருந்தால் நேரே அங்கே. வாந்தி பட்ட துணியை அலசாமல் கையோடு கொண்டு போங்கள். 'என்ன நிறம்?' என்று நாங்கள் கேட்கும்போது அந்தத் துணியைவிட நல்ல பதில் கிடையாது.

உங்கள் மகளுக்கு இவை எதுவும் இல்லை. சரி, அந்த ரத்தக் கோட்டுக்கு வருவோம். அடுத்த முறை மலம் போனதும் துணியை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். ரத்தம் மலத்தின் மேல் பளிச்சென்ற சிவப்பில் நூல் போல ஒட்டியிருந்தால், அது உள்ளேயிருந்து வந்ததில்லை. கெட்டியான மலம் வெளியேறும் இடத்தில் தோல் லேசாகக் கிழிந்திருக்கிறது. உதடு வெடிப்பது மாதிரிதான். மலம் இளகினால் தானாக ஆறிவிடும். கழுவித் துடைத்ததும் சுத்தமான தேங்காய் எண்ணெய் தொட்டு வையுங்கள். ஆனால் அந்த வெடிப்பு வலிக்கும். வலிக்கிறது என்று குழந்தை அடக்கும். அடக்க அடக்க மலம் இன்னும் இறுகும். மறுபடி வரும்போது மறுபடி கிழியும். இந்தச் சுற்றை உடைப்பதுதான் நம் வேலை.

சோப்பு அதை உடைக்காது. ஆசனவாயின் உள்தோல் நம் உதட்டின் உள்பக்கம் போல மெல்லியது. ஏற்கெனவே கிழிந்திருக்கும் அந்த இடத்தில் காரம் உள்ள சோப்பைச் செருகினால் எப்படி எரியும் என்று நினைத்துப் பாருங்கள். சோப்பு வைத்தவுடன் மலம் போவது அந்த எரிச்சலால்தான். அதைப் பார்த்து வேலை செய்கிறது என்று நம்பி, வாரத்துக்கு இரண்டு முறை வைக்கிறார்கள். சிவந்து, வீங்கி, தொடவே விடாத குழந்தைகளை ஓபியில் அடிக்கடி பார்க்கிறேன். ஒவ்வொரு முறையும் மனசு கஷ்டப்படுகிறது. வெற்றிலைக் காம்பும் விரலும் அதே கதைதான். விளக்கெண்ணெய் புகட்டுவதும் வேண்டாம். அழுகிற பிள்ளையின் வாயில் எண்ணெயை ஊற்றினால் அது மூச்சுக் குழாயில் இறங்கி நிமோனியாவில் கொண்டு விடும். எண்ணெயால் வந்த நுரையீரல் சளி லேசில் போகாது. கிரைப் வாட்டர் மலச்சிக்கலுக்கு ஒன்றும் செய்யாது. தேன் ஒரு வயது வரை நாக்கில் தொட்டு வைக்கக்கூட வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி சின்னக் குழந்தையின் குடலில் வளர்ந்து நரம்பைச் செயலிழக்கச் செய்யும் விஷத்தை உண்டாக்கும். அந்த நோயின் முதல் அறிகுறியே மலச்சிக்கல்தான்.

உங்கள் அத்தை கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, பேத்தி முக்குவதைப் பார்க்கப் பொறுக்காமல் செய்கிறார். அவருக்குக் கைவந்த நல்ல வேலை ஒன்று இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நாள் கணக்கை விடுங்கள். மலம் களிம்பு போல மிருதுவாக வந்தால் நான்கு நாளுக்கு ஒருமுறை வந்தாலும் அது மலச்சிக்கல் இல்லை. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் பிள்ளைகள் ஒரு வாரம்கூடப் போகாமல் இருப்பார்கள். முகம் சிவந்து முக்குவதும் தனியாகப் பார்த்தால் நோய் இல்லை. வயிற்றை இறுக்கிக்கொண்டே கீழே தளர்த்த வேண்டும் என்பதை அந்த வயதில் உடம்பு பழகிக்கொண்டிருக்கிறது. மலம் புழுக்கையாக இறுகுவதுதான் பிரச்சினை. அதற்குக் காரணம் உங்கள் அடுப்படியில் இருக்கிறது.

தாய்ப்பாலில் கிட்டத்தட்ட 88 சதவீதம் தண்ணீர். அது மட்டுமே குடித்துப் பழகிய குடலுக்கு நீங்கள் கொடுக்கத் தொடங்கியது மூன்று மாவுகள். கேழ்வரகு நல்ல தானியம், நார்ச்சத்து உள்ளதுதான். ஆனால் ஊறவைத்து, அரைத்து, வெள்ளைத் துணியில் பிழிந்து பால் எடுக்கும்போது நார் முழுக்கச் சக்கையோடு போய்விடுகிறது. அடுப்பில் கிண்டியதும் ஸ்பூனில் ஒட்டிக்கொண்டு விழ மறுக்கிறதே, குடலிலும் அப்படித்தான். நேந்திரங்காய்ப் பொடி அதைவிடக் கட்டும். வாழைக்காயை வயிற்றுப்போக்கு உள்ள குழந்தைகளுக்குக் கொடுத்து வங்கதேசத்தில் ஆய்வே செய்தார்கள், வயிற்றுப்போக்கு குறைந்தது. போகிற வயிற்றைக் கட்டும் பொருளைப் போகாத பிள்ளைக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். நேந்திரங்காயை இப்போதைக்கு நிறுத்துங்கள். கேழ்வரகையும் சத்துமாவையும் நிறுத்த வேண்டாம், ஒரு நாளைக்கு ஒரு வேளை போதும். துணியில் பிழியாமல், நைஸாக அரைத்த முழு மாவில் காய்ச்சுங்கள். ஸ்பூனைச் சாய்த்தால் மெதுவாக வழிய வேண்டும். ஓடக் கூடாது, ஒட்டவும் கூடாது.

இன்னொரு வேளைக்கு அரிசியும் பாசிப்பருப்பும் குழைய வேகவைத்து, அதோடு பரங்கிக்காய் ஒரு துண்டு, அல்லது ஒரு கை சிறுகீரை, இல்லை முருங்கை இலை சேர்த்து மசியுங்கள். மேலே ஒரு டீஸ்பூன் நெய் விடுங்கள். நன்றாகப் பழுத்த பப்பாளி இரண்டு, மூன்று ஸ்பூன் மசித்துத் தரலாம். பேரிக்காயை வேகவைத்து மசித்தாலும் நல்லது. அதிலுள்ள ஒரு வகைச் சர்க்கரை குடலில் தண்ணீரைப் பிடித்து வைத்து மலத்தை இளக்கும். கறுப்பு உலர் திராட்சை எட்டு, பத்தை நன்றாகக் கழுவி, கொதித்து ஆறிய நீரில் ராத்திரி ஊறவைத்து, காலையில் கையால் பிசைந்து வடிகட்டி இரண்டு ஸ்பூன் கொடுக்கலாம். நம் பாட்டிமார் சொன்ன வழிதான், அதைத் தாராளமாகச் செய்யுங்கள். சர்க்கரை, தேன் எதுவும் வேண்டாம். பழமாகவே முழுசாகக் கையில் கொடுத்துவிடாதீர்கள், தொண்டையில் அடைக்கும்.

சாப்பிட்டு முடித்ததும் கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர் இரண்டு, மூன்று ஸ்பூன், பாலாடையிலோ சின்னத் தம்ளரிலோ. ஆறு மாதம் வரை தண்ணீர் கூடாது என்று சொல்லியிருப்போம், அதையே பிடித்துக்கொண்டு பல வீடுகளில் ஏழாவது மாதத்திலும் தண்ணீர் கொடுப்பதில்லை. தாய்ப்பாலை மட்டும் குறைத்துவிடாதீர்கள். கேட்கும்போதெல்லாம் கொடுங்கள். பசும்பாலை ஒரு வயதுக்கு முன் குடிக்கக் கொடுக்காதீர்கள். மலத்தை இறுக்கும், ரத்தசோகையும் கூட வரும்.

இரும்புச் சத்து மருந்தை இன்றே திரும்ப ஆரம்பியுங்கள். குழந்தைகளுக்கு நாங்கள் எழுதும் அளவில் அது மலத்தைக் கறுப்பாக்கும், இறுக்குவது அரிது. கறுப்பைப் பார்த்துப் பயந்து நிறுத்துபவர்கள்தான் அதிகம். ஆறு மாதத்துக்குப் பிறகு தாய்ப்பாலில் உள்ள இரும்பு குழந்தைக்குப் போதாது. மூளை வேகமாக வளரும் நேரம் இது.

இனி அத்தைக்கான வேலை. சாப்பாடு ஆகிப் பத்து, பதினைந்து நிமிடத்தில் குடல் தானாக ஒருமுறை அசையும். அந்த நேரத்தில் அவர் காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு பாதத்தையும் லேசாக இடைவெளி விட்டு வைத்து, பேத்தியைத் தன்னைப் பார்த்தபடி பாதங்களின் மேல் குந்த வைத்து, அக்குளில் பிடித்துக்கொள்ளட்டும். முழங்கால் வயிற்றை நோக்கி மடங்கும்போது வழி நேராகிறது, கால் அவர் பாதத்தில் ஊன்றும்போது முக்குவதற்குப் பிடிமானம் கிடைக்கிறது. தலைமுறை தலைமுறையாக நம் வீடுகளில் பிள்ளைகள் இப்படித்தான் வெளிக்குப் போனார்கள். ஐந்து நிமிடம் போதும். வரவில்லை என்றால் தூக்கிவிட வேண்டும், கட்டாயப்படுத்தக் கூடாது. காலையில் எண்ணெய் தேய்க்கும்போது தொப்புளைச் சுற்றிக் கடிகார முள் சுற்றும் பக்கமாகவே தேய்க்கச் சொல்லுங்கள்.

இரண்டு வாரம் இப்படிப் பாருங்கள். மலம் இன்னும் புழுக்கையாகவே இருந்தால், அல்லது ரத்தக் கோடு மறுபடி மறுபடி வந்தால், குழந்தைகள் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். அவர் லாக்டுலோஸ் சிரப் எழுதித் தரலாம். அது குடலில் தண்ணீரைத் தக்கவைக்கும் மருந்து, பழக்கமாகிவிடும் என்ற பயம் வேண்டாம். அளவை எடைக்கு ஏற்பத்தான் கணக்கிட வேண்டும் என்பதால் மெடிக்கல் ஷாப்பில் நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள். எழுதித் தந்தால், இரண்டு நாளில் மலம் இளகிவிட்டது என்று நிறுத்திவிடவும் வேண்டாம். அந்த வெடிப்பு ஆறி, மலம் போகும்போது வலிக்காது என்று குழந்தைக்கே நம்பிக்கை வரச் சில வாரம் ஆகும்.