வாசகர் கேள்வி, அறிவியல் பதில்: செவ்வாயின் மேடு பள்ளங்கள்

கேள்வி: செவ்வாயில் உள்ள ஒலிம்பஸ் மலை ஏறத்தாழ 22 கிலோமீற்றர் உயரமானது என்று படித்தேன். மேலிருந்து எடுக்கும் படம் தட்டையானதுதானே? அதிலிருந்து உயரத்தை எவ்வாறு கணிக்கிறார்கள்?
– உயர்தர மாணவி, களுவாஞ்சிக்குடி

பதில்: ஒரே நிலத்தை இரு வேறு கோணங்களில் எடுத்த இரண்டு படங்கள் இருந்தால் உயரத்தைக் கணித்துவிடலாம். உங்கள் மாவட்டத்துக் குடும்பிமலையை ஒரு விண்கலம் படம்பிடிப்பதாக வைத்துக்கொள்வோம். கலம் நெருங்கி வருகையில் முன்னோக்கிச் சாய்ந்த கமராவில் பாறையின் உச்சி அடிவாரத்திலிருந்து ஒரு பக்கம் விலகித் தெரியும். கடந்துபோன பின் பின்னோக்கிய கமராவில் மறுபக்கம் விலகித் தெரியும். உயரம் கூடக்கூட இந்த விலகலும் கூடும்.

2003 டிசெம்பரில் செவ்வாயைச் சென்றடைந்த மார்ஸ் எக்ஸ்பிரஸ் கலத்தின் ஜெர்மன் கமரா, நேர் கீழே பார்ப்பதோடு, முன்னும் பின்னும் 18.9 பாகை சாய்வாகவும் நிலத்தைப் பதிவு செய்கிறது. அக்கோணத்தின் தாஞ்சன் 0.342 ஆகையால், கோளின் வளைவைப் புறக்கணித்தால், 300 மீற்றர் உயரமான பாறையின் உச்சி முன், பின் படங்களுக்கிடையே ஏறத்தாழ 205 மீற்றர் இடம் மாறும். ஒரு படப்புள்ளி 10 மீற்றர் நிலத்தைக் காட்டுமானால், அது இருபது புள்ளிகளுக்குச் சற்று அதிகம். பொருத்துவதில் ஒரு புள்ளி பிசகினால், உயரத்தில் ஏறத்தாழ 15 மீற்றர் பிழை வந்துவிடும். ஆகவேதான் ஒரு புள்ளியின் சிறு பின்னம் வரை துல்லியமாகப் பொருத்த முயல்கிறார்கள்.

ஒரு படத்திலுள்ள சிறு துண்டை மற்றப் படத்தில் தேடிக் கண்டுபிடிக்கும் வேலையைக் கணினி செய்கிறது. கற்களும் வெடிப்புகளும் நிறைந்த நிலத்தில் அது எளிது. அடையாளமே இல்லாத மணற்பரப்பிலும் இருண்ட நிழலிலும் அது தடுமாறும். மட்டக்களப்பு வாவியை இவ்வாறு அளக்க முயன்றாலும் இதே கதிதான், ஏனெனில் முதற்படத்தில் இருந்த சிற்றலை அடுத்த படத்தில் இராது. பொருந்தாத இடங்களைச் சில மென்பொருள்கள் சுற்றியுள்ள உயரங்களைக் கொண்டு நிரப்பிவிடுகின்றன. வரைபடத்தில் வழவழப்பாகத் தெரியும் திட்டை, பொருத்தத்தின் தரம் எவ்வளவு என்று பார்க்காமல் சமவெளி என்று நம்பிவிடவே கூடாது.

கேள்வி: கடலே இல்லாத கோளில் உயரத்தை எதிலிருந்து அளப்பது?
– வாசகர், அக்கரைப்பற்று

பதில்: ஈர்ப்பு விசையிலிருந்து கணிக்கப்பட்ட, எங்கும் சம ஈர்ப்பு அழுத்தம் (gravitational potential) கொண்ட, அதாவது கடல் இருந்தால் அதன் நீர்மட்டம் அமையக்கூடிய, ஒரு கற்பனைப் பரப்பைச் சுழி மட்டமாகக் கொள்கிறார்கள். மார்ஸ் குளோபல் சேர்வேயர் கலத்தின் லேசர் உயரமானி 1999 முதல் 2001 வரை, ஒளித்துடிப்பு தரையில் பட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டு செவ்வாய் முழுவதையும் அளந்தது. படச் சோடிகள் நிலத்தின் வடிவத்தை நுணுக்கமாகத் தந்தாலும், கலத்தின் இருப்பிடத்தில் உள்ள சிறு பிழையால் முழு வரைபடமும் சாய்ந்தோ உயர்ந்தோ போகக்கூடும் என்பதால், அதை இந்த லேசர் அளவீடுகளோடு பொருத்தி நிலைநிறுத்துகிறார்கள்.

கேள்வி: இங்கிருந்தபடி நாமே அத்தகைய வரைபடத்தைச் செய்ய முடியுமா?
– பல்கலைக்கழக மாணவர், வந்தாறுமூலை

பதில்: முடியும். படங்களும், நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையம் உருவாக்கிய ஸ்டீரியோ பைப்லைன் மென்பொருளும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒளி விழும் திசை ஏறத்தாழ ஒன்றாக உள்ள சோடியைத் தெரிவு செய்யுங்கள். முழுப்படத்தையும் ஓட்டுவதற்கு முன், பாறைகள் நிறைந்த ஒரு சிறு பகுதியை வெட்டியெடுத்துச் செய்து பாருங்கள்.