தேங்காயும் மலாய்க் கட்டுரையும்

வணக்கம் ஐயா,

பட்டர்வொர்த் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டுக்கு மலாய் சொல்லிக்கொடுக்கிறேன். தைப்பூசத்தைப் பற்றி எழுதச் சொன்னால் ஒரு மாணவன் ‘சாயா கெலாப்பா பெச்சா’ என்று எழுதுகிறான். தமிழில் யோசிப்பதுதான் காரணம், வகுப்பில் தமிழைத் தடை செய்து மாதிரிக் கட்டுரைகளை மனப்பாடம் செய்யவையுங்கள் என்கிறார்கள் மூத்த ஆசிரியர்கள். உங்கள் கருத்து என்ன?

– ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

தடை வேண்டாம். அந்தப் பையனிடம் இருக்கும் முதலே தமிழ்தான்.

அவன் வாக்கியத்தையே எடுத்துக்கொள்வோம். ‘நான் தேங்காய் உடைத்தேன்’ என்பதை அதே வரிசையில் வைத்திருக்கிறான். மலாயில் வினை நடுவில் வர வேண்டும். அடைமொழியும் பெயருக்குப் பின்னால் வரும் என்பதால், ‘கெலாப்பா பெச்சா’ என்றால் உடைந்த தேங்காய் என்றாகிவிடுகிறது. தமிழ் வாக்கியத்தை மேலேயும் ‘சாயா மெமெச்சாக்கான் கெலாப்பா’ என்பதைக் கீழேயும் பலகையில் எழுதி, எந்தச் சொல் எங்கே போயிருக்கிறது என்று அவனையே கோடு போடச் சொல்லுங்கள். தமிழைத் தடை செய்த வகுப்பில் இதைச் செய்ய முடியாது.

‘மெமெச்சாக்கான்’ என்பதில் வினைக்கு முன்னால் ஒட்டியிருக்கும் அந்த ‘மெ’ முன்னொட்டு நம் பிள்ளைகளுக்குத் தலைவலி. ஆனால் பாருங்கள்: ‘பாச்சா’ (படி) மெம்பாச்சா ஆகிறது, ‘சாரி’ (தேடு) மெஞ்சாரி, ‘காலி’ (தோண்டு) மெங்காலி. ம்ப, ஞ்ச, ங்க. நம் இன எழுத்துகள்தானே! மரத்தோடு ‘கள்’ சேர்ந்தால் மரங்கள் என்று படித்த பிள்ளைக்குப் பாதி விதி ஏற்கெனவே கையில் இருக்கிறது. ‘பூக்குல்’ (அடி) மெமூக்குல் ஆவதுபோல முதல் எழுத்தே விழுந்துவிடும் சொற்களை மட்டும் தனியாகச் சொல்லிக்கொடுங்கள்.

மனப்பாடம் பற்றி. இடைநிலைப்பள்ளி முடிவில் வரும் எஸ்.பி.எம். சான்றிதழுக்கு மலாயில் தேர்ச்சி கட்டாயம் என்பதால் அந்தப் பயம் எனக்கும் புரிகிறது. ஆனால் ஆறாம் ஆண்டில் எழுதிவந்த யூ.பி.எஸ்.ஆர். தேர்வே 2021-இல் ரத்தாகிவிட்டது. ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளை இன்னும் ஏன் அப்படி விரட்ட வேண்டும்?

தமிழ்ப்பள்ளி முடித்து, முதலாம் படிவத்துக்கு முன் படிக்கும் புகுமுக வகுப்பில் நான் இருந்தபோது என் கட்டுரை முழுக்கச் சிவப்பாகத் திரும்பி வந்தது. பார்க்கக்கூட மனமில்லாமல் நோட்டை மூடிவிட்டேன். அடுத்த ஆண்டு வந்த ஆசிரியர் ஒரு கட்டுரைக்கு ஒரு வகைப் பிழையை மட்டும் வட்டமிடுவார். ஒரு வாரம் முழுக்க ‘டி’ மட்டும்: ‘டி பாசார்’ (சந்தையில்) பிரித்து, ‘டிமாக்கான்’ (உண்ணப்பட்டது) சேர்த்து. ஓரத்தில் பென்சிலால் ‘அப்புறம் என்ன நடந்தது?’ என்று மலாயில் கேட்டிருப்பார். அதற்குப் பதில் சொல்லவே இன்னும் நாலு வரி எழுதுவேன்.

அந்தப் பையனிடம் கேளுங்கள். தைப்பூசத்துக்குப் பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ரதம் போகும் வழியில் எங்கே நின்று உடைத்தான், எத்தனை காய், இளநீர் யார்மேல் தெறித்தது? முதலில் தமிழில் சொல்லட்டும். சரி, இப்போது இதை மலாயில் எழுது என்று சொல்லுங்கள். எழுதியதை எனக்கும் அனுப்புங்கள், படிக்க ஆசையாக இருக்கிறது.