துப்புக்கெட்ட பதில்

கேள்வி: அண்மையில் ஒரு திரில்லர் நாவல் வாசித்தேன். காலைப் பத்திரிகையில் தன்னுடைய மரண அறிவித்தலையே பார்க்கும் ஒருவர், அதைக் கொடுத்தது யார் என்று துப்புத் துலக்கப் புறப்படுகிறார். 280 பக்கமும் ஒரே இரவில் ஓடிவிட்டது. இப்படி வித்தியாசமான கரு எங்கள் எழுத்தாளர்களுக்கு ஏன் தோன்றுவதில்லை?
– வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: முதலில் ஒன்று. நீங்கள் ‘த்ரில்லர்’ என்று எழுதியிருந்ததைத் ‘திரில்லர்’ ஆக்கியிருக்கிறேன். தமிழில் மெய்யெழுத்து சொல்லுக்கு முதலில் வராது. இதை இந்தப் பக்கத்தில் எத்தனையாவது தடவை சொல்கிறேன் என்று எங்கள் அச்சுக்கோப்புத் தம்பியிடம் கேளுங்கள், பெருமூச்சு விடுவார்.

சரி, துப்புக்கு வருவோம். உங்கள் கேள்வியில் அந்தச் சொல்லைத் தாண்டி என்னால் போக முடியவில்லை, பிள்ளை. துப்பு என்றால் வலிமை, உணவு, பவளம். தடயமும் அதே திண்ணையில் ஓரமாகக் குந்தியிருக்கிறது. வெற்றிலை போட்டவருக்கு அது வேறு அலுவல். என் அம்மாவின் வாயில் அது ‘துப்புக்கெட்டவன்’ என்றுதான் வரும். யாரைச் சொல்கிறார் என்று துலக்கவேண்டிய தேவை இருக்கவில்லை, வீட்டில் நான் ஒருவன்தான் பிள்ளை.

எங்கள் பக்கத்தில் ஒரு பட்டிமன்றப் பேச்சாளர் இருக்கிறார். ‘வள்ளுவர் அந்தக் காலத்திலேயே துப்பாக்கியைப் பாடிவிட்டார்’ என்று சொல்லிக் கைதட்டு வாங்குவார். மூன்று திருவிழாக்களில் இதே பகிடியைக் கேட்டுவிட்டேன். ‘துப்பார்க்குத் துப்பாய துப்பாக்கி’ என்ற அந்தக் குறளில் இருப்பது மழை. உண்பவர்களுக்கு நல்ல உணவை ஆக்கித் தந்து, தானும் அவர்களுக்கு உணவாகிற மழை. துப்பு, ஆக்கி. பிரித்துப் படிக்க வேண்டியதை ஒட்டிப் படித்தால் வெடிக்கத்தான் செய்யும். மூன்றாம் தடவை எழுந்து இதைச் சொன்னேன். ‘ஆசிரியருக்குப் பகிடி விளங்காது’ என்றார். துப்பாக்கிப் பகிடி விளங்காத ஊரில்தானே ஐயா நின்று பேசுகிறீர்கள்? அந்தக் குறளுக்கு உரை வேண்டுமானால், இரணைமடுக் குளம் நிரம்பி வான் பாயுமா என்று மார்கழியில் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும் கமக்காரரிடம் போங்கள். 2018 மார்கழி வெள்ளத்துக்குப் பிறகு, வான்கதவை எத்தனை மணிக்குத் திறந்தார்கள் என்று தேநீர்க்கடை தேநீர்க்கடையாகத் துப்பறிந்தார்களே, அதைவிட விறுவிறுப்பான மர்மக்கதை நான் வாசித்ததில்லை.

உங்கள் கருவுக்கு வருகிறேன். கடதாசியில் செத்தவர் உயிரோடு நடமாடுவது வேறு இடங்களில் வித்தியாசமாக இருக்கலாம். இங்கே அது கந்தோர் அலுவல். 2016இல் சட்டத்தைத் திருத்தி, காணாமற்போனவருக்கு மரணச் சான்றிதழ் எடுக்க மனம் ஒப்பாத குடும்பங்களுக்கு ‘ஆளைக் காணவில்லை’ என்று ஒரு சான்றிதழ் கொடுக்க வழிசெய்தார்கள். செத்தவருமில்லை, இருப்பவருமில்லை, மூன்றாவதாக ஒரு வகுப்பு. கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி குந்திய, காணாமற்போனவர்களின் தாய்மார் கேட்டதும் ஒரு துப்புத்தான். உங்கள் கதாநாயகர் ஒரே இரவில் துலக்கிவிட்டார். எங்கள் எழுத்தாளர்களிடம் கரு இருக்கிறது பிள்ளை, கடைசி அத்தியாயம்தான் கையில் இல்லை.

கடைசி அத்தியாயம் என்றதும் ஒரு பழைய கணக்கு நினைவுக்கு வருகிறது. தொண்ணூறுகள், பொருளாதாரத் தடைக் காலம். பற்றரி வராது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைச் சுற்றி, டைனமோவில் செய்தி கேட்போம். மண்ணெண்ணெய் அளந்துதான். ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு, அது குடித்த மண்ணெண்ணெய், கம்பியில் தொங்கும் நூல்திரி. அந்த வெளிச்சத்தில் ஒரு மர்ம நாவல் வாசித்தேன். எவ்வளவு வேகமான கதையானாலும் ஓர் இரவுக்கு இரண்டு அத்தியாயம்தான் ஓடும். போத்தல் கரி பிடித்து மங்கும் நேரத்தில் கதவு தட்டப்படும், யார் தட்டியது என்று அறிய மறுநாள் பொழுதுபட வேண்டும். ஒன்பதாம் இரவு கடைசித் தாளுக்கு வந்தால், தாள் இல்லை. யாரோ அதில் கடலை சுற்றிவிட்டார்கள்.

எங்கள் ஒழுங்கையில் அந்தப் புத்தகம் ஏழு பேரிடம் கை மாறியது. ஏழு பேரிடமும் ஏழு கொலைகாரர்கள். என்னுடையவர் டாக்குத்தர். கிணற்றடியில் இதற்காகச் சண்டை வந்து, இரண்டு வீடுகள் ஒரு மாதம் கதைக்கவில்லை. 2002இல் ஏ9 பாதை திறந்த பிறகு கொழும்புக்குப் போனபோது, நடைபாதைப் புத்தகக் குவியலில் அதே நாவல் முழுசாகக் கிடந்தது. நின்றபடி கடைசித் தாளைப் புரட்டினேன். தோட்டக்காரன்! முழுக்கதையிலும் இரண்டே இரண்டு தடவை பூமரத்துக்குத் தண்ணீர் விட்ட அப்பாவி. ஏழு பேரில் ஒருவர்கூட அவனைச் சந்தேகிக்கவில்லை. ஏன் கொன்றான் என்பதற்கு ஆசிரியர் எழுதியிருந்த காரணத்தைவிட, குசினிக்காரிதான் கொன்றாள் என்று பக்கத்து வீட்டு அன்ரி சொன்ன காரணம் நூறு மடங்கு நல்லது. புத்தகத்தை வாங்காமல் வைத்துவிட்டு வந்தேன். ஊரில் ஒருவரிடமும் சொல்லவில்லை.

நீங்கள் வாசித்த நாவலைத் தபாலில் அனுப்பிவையுங்கள், வாசித்துவிட்டுத் திருப்பித் தருகிறேன். கடைசித் தாளை மட்டும் கிழித்து நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.