காவடி எடுப்பவரின் பயம் – கடிதம்

அன்புள்ள அக்கா,

நான் திருச்சியிலிருந்து கல்யாணமாகி தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்தவள். கணவர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர், வயது 46. என் மாமனார் போன வருடம் புரோஸ்டேட் புற்றுநோயில் இறந்தார். முதுகு வலி என்று டாக்டரிடம் போனபோதே அது எலும்பு வரை பரவியிருந்தது. அதிலிருந்து கணவரையும் ஒரு செக்கப் செய்துகொள்ளச் சொல்கிறேன். “ஒன்றுக்கு நல்லாத்தானே போகுது, எனக்கென்ன?” என்கிறார். தைப்பூசத்துக்குப் பத்து நாள் விரதமிருந்து அலகு குத்திக் காவடி எடுக்கிறவர், இதற்குப் போய் பயப்படுகிறார். அழுதும் பார்த்துவிட்டேன். எப்படிச் சொல்லிப் புரியவைப்பது?

க., சாட்ஸ்வொர்த்

அன்புள்ள க.,

காவடியைச் சொல்லி மட்டும் அவரைக் குத்திக்காட்டாதீர்கள். அலகு குத்துவது ஊரே கூடி நிற்க, முருகன் பேரைச் சொல்லி, மேளச் சத்தத்தில் நடப்பது. இது மூடிய அறையில், கால்சட்டையை இறக்கிவிட்டு, முன்பின் தெரியாதவர் முன்னால் ஒருக்களித்துப் படுப்பது. இரண்டு பயமும் ஒன்றல்ல. நம் கோயில் மண்டபங்களில் நடக்கும் மருத்துவ முகாம்களில் பார்த்திருக்கிறேன். சர்க்கரை, பிரஷர் பார்க்க ஆண்கள் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். புரோஸ்டேட் என்று அட்டை வைத்த மேசைக்கு மனைவி முதுகில் கைவைத்துத் தள்ளினால்தான் வருவார்கள்.

அவர் நோய்க்குப் பயப்படவில்லை என்றே நினைக்கிறேன். ஆசனவாயில் விரல் விட்டுப் பார்ப்பார்களே, அதற்குத்தான் பயம். அப்புறம், ஏதாவது இருந்தால் ஆபரேஷன், ஆபரேஷன் என்றால் தாம்பத்யம் போச்சு என்று ஆண்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதும் இருக்கிறது. நீங்கள் சாவைப் பற்றிப் பேசி அழுகிறீர்கள். அவர் மனதில் ஓடுவது வேறு. அதைப் பற்றிப் பேசுங்கள்.

முதல் படி வெறும் ரத்தப் பரிசோதனை. சர்க்கரைக்கு எடுப்பது போலக் கையில் ரத்தம் எடுத்து, புரோஸ்டேட் சுரப்பியிலிருந்து வரும் பிஎஸ்ஏ என்ற புரதத்தின் அளவைப் பார்ப்பார்கள். விரல் பரிசோதனையும் தேவை என்று டாக்டர் சொன்னால், அது ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். சங்கடமாக இருக்கும், பெரிய வலி இருக்காது.

ஒன்றுக்கு நன்றாகப் போகிறது என்கிறாரே, அது சமாதானமாகாது. பெரிய நெல்லிக்காய் அளவுள்ள இந்தச் சுரப்பி மூத்திரப்பைக்குக் கீழே, மூத்திரக் குழாயைச் சுற்றி இருக்கிறது. புற்றுநோய் பெரும்பாலும் குழாயை ஒட்டி வராமல் வெளிப்புறப் பகுதியில்தான் ஆரம்பிக்கும். அதனால் ஆரம்பத்தில் எந்த அறிகுறியும் தெரியாது. வயதானவர்களுக்கு ஒன்றுக்குப் போவதில் வரும் சிரமம் பெரும்பாலும் புற்றுநோயே இல்லாத சாதாரண வீக்கம். உங்கள் மாமனாருக்கு முதுகு வலிதானே முதலில் தெரிந்தது!

இந்த நாட்டில் பொதுவாக 45 வயதிலிருந்தும், கறுப்பின ஆண்களுக்கும் அப்பாவுக்கோ சகோதரருக்கோ இது வந்தவர்களுக்கும் 40 வயதிலிருந்தும் பரிசோதனையைப் பற்றி யோசிக்கச் சொல்கிறார்கள். அப்பாவுக்கு வந்திருந்தால் மகனுக்கு வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு. அவருக்கு அண்ணன் தம்பி இருந்தால் அவர்களுக்கும் சொல்லுங்கள்.

பிஎஸ்ஏ கூடுதலாக இருந்தாலே புற்றுநோய் என்று அர்த்தமில்லை. மூத்திரத்தில் கிருமி, சுரப்பி வீக்கம், முந்தின நாள் நீண்ட நேரம் சைக்கிள் ஓட்டியது, உறவு கொண்டது என்று பல காரணங்களால் அது ஏறும். அதனால் முந்தைய இரண்டு நாள் சைக்கிளும் உறவும் வேண்டாம். கூடுதலாக வந்தால் பொதுவாக இன்னொரு முறை ரத்தம் பார்த்து, எம்ஆர்ஐ எடுத்து, தேவைப்பட்டால்தான் சதை எடுத்துச் சோதிப்பார்கள். மெதுவாக வளரும் வகை என்றால் கத்தியே வைக்காமல் வருடக்கணக்கில் கண்காணிப்பதும் உண்டு. ஆபரேஷனாலும் கதிர்வீச்சாலும் தாம்பத்யத்தில் சிக்கலும் மூத்திரக் கசிவும் வரலாம், அதை அவரிடம் மறைக்க வேண்டாம். ஒரு தொந்தரவும் தராமலே இருந்திருக்கக்கூடிய புற்றுநோயைக் கண்டுபிடித்துக் கலங்குவதும் நடக்கிறது. இதையெல்லாம் டாக்டரிடம் கேட்டு அவரே முடிவெடுக்கட்டும். ஆனால் சீக்கிரம் தெரிந்தவருக்குத்தான் தேர்ந்தெடுக்க வழிகள் இருக்கும். உங்கள் மாமனாருக்கு அது வாய்க்கவில்லை.

ஆம்பளைத்தனம் என்று பேச்சு வந்தால் மண்டேலாவைச் சொல்லுங்கள். 2001-இல் அவருக்குப் புரோஸ்டேட் புற்றுநோய் என்று தெரிந்தது. அதை நாட்டுக்கே வெளிப்படையாகச் சொல்லி, கதிர்வீச்சுச் சிகிச்சை எடுத்து, 2013 வரை வாழ்ந்தார். அவரைப் போலவே நிறவெறியை எதிர்த்துப் போராடிய பேராயர் டெஸ்மண்ட் டூட்டுவுக்கு 1997-இல் தெரிந்தது. 2021-இல், 90 வயதில்தான் போனார். இவர்களை விடவா ஆம்பளை?

இனி அழாதீர்கள். உங்களுக்கும் கர்ப்பப்பை வாய் பரிசோதனை பாக்கியிருந்தால், இரண்டு பேருக்கும் ஒரே நாளில் நேரம் வாங்கிவிடுங்கள். “நானும் படுக்கத்தான் போறேன், வாங்க” என்று சொல்லிப் பாருங்கள். கேன்சா (தென்னாப்பிரிக்கப் புற்றுநோய்ச் சங்கம்) மையத்திலும் விசாரிக்கலாம்.

போவதற்கு முன் மாமியாரிடம் இரண்டு விஷயம் கேட்டு வையுங்கள். மாமனாருக்கு எத்தனை வயதில் கண்டுபிடித்தார்கள்? அவருடைய அக்கா தங்கை, அம்மா யாருக்காவது மார்பகத்திலோ சினைப்பையிலோ புற்றுநோய் வந்ததா? சில குடும்பங்களில் ஒரே மரபணுக் கோளாறுதான் எல்லாவற்றுக்கும் காரணமாக இருக்கும். வந்திருந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள், உங்களுக்குப் பெண் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் அது முக்கியம்.

அன்புடன்,
அக்கா